பேசா விசைப்பலகை

கல்லூரி, மருத்துவமனை, வங்கி, நூல்நிலையம் என்னும் இவற்றின் கணக்குகளை ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் அருகி, அவை சர்வர் எனப்படும் கணிப்பொறிகளில் வைத்துக் காக்கப்படும் காலம் இது. இப்பொறிகள் இரவு பகல் என்னாது ஓடுவன. இவற்றின் முன்னே ஒருவர் அமர்ந்து வேலை செய்தல் அரிது. வேண்டுவோர் யாவரும் வலைவழியாகவே இவற்றோடு உரையாடுவர். எனினும் வலை அறுந்த நாளிலும், பொறி நோயுற்ற நாளிலும், அதன் அண்மையிற் சென்று நேர்முகமாகப் பேசுதற்கென ஒரு விசைப்பலகையும் ஒரு மானிட்டரும் வைத்திருப்பர். அவ்விரண்டும் கூடிய இடமே கன்சோல் எனப்படும். ஆண்டில் ஒன்றிரண்டு முறையே அதனைத் தொடுவர். தொடும் அந்நாளில் விசைப்பலகை பேசாதாயின் அதனை ஆராயுமாறு யாங்ஙனம் என்பதை இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதனில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எழுத்து ஒன்று பிறக்குமாற்றை ஆராய்தலே இவ்வேலையும் என்பது மேலே விளங்கும்.

விசைப்பலகை வாளா கிடக்கக் கண்டவர் கை பெரும்பாலும் மின்பொத்தானையே நாடுகின்றது. தம் மேசைமேல் உள்ள சிறு கணிப்பொறியில் அங்ஙனம் செய்து பழகியோர் ஆதலின் அவரைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் சர்வரின் நிலை வேறு. விசைப்பலகை பேசாத அதே கணத்தில் அப்பொறி நூறு பேருக்கு விடையளித்துக்கொண்டிருத்தல் கூடும். அன்றியும், லினக்ஸ் முதலிய இயக்குமுறைகள் தம்மிடம் வந்த செய்தியை வந்தவுடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் திரட்டி வைத்துப் பின்னரே எழுதும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், நினைவகத்தில் 30 நொடி கிடந்த பின்னரே ஒரு செய்தி வட்டுக்குச் செல்லும் முறை பெறும். தேர்ந்த தரவுத்தளங்கள் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் 'இப்பொழுதே எழுதுக' என்று வற்புறுத்தும் என்பது உண்மையே. ஆயினும் எல்லா நிரல்களும் அத்துணை விழிப்புடையன அல்ல. தேர்வு அலுவலகத்தில் ஒருவர் மாலை முழுதும் இருந்து மதிப்பெண்களை உள்ளிட, அவற்றின் கடைசிப் பகுதி நினைவகத்திலேயே தங்கியிருக்கும் வேளையில் மின்னை அறுப்பது, மை உலராத ஏட்டைத் தண்ணீரில் இடுவதை ஒக்கும். ஆகலின் பொத்தானை அழுத்துமுன் தீரவேண்டிய வினா ஒன்று உண்டு: பேசாதது பலகையா, பொறியா?

தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், உந்தியினின்று எழுந்த காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் தங்கிப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகுமாற்றை முறைப்படக் காட்டுகின்றார். பேச்சு நின்ற ஒருவனைக் கண்ட மருத்துவன், 'இவனுக்குப் பேச்சில்லை' என்று கூறி அமைவானல்லன். காற்றெழவில்லையா, மிடறு அடைத்ததா, நா அசையவில்லையா என்று இடந்தோறும் நாடுவான். கன்சோலின் முன் நிற்பவரும் அவ்வாறே நாடுதல் வேண்டும். விசையினின்று திரைக்குச் செல்லும் எழுத்துக்கும் பிறப்பிடங்கள் பல உள. அவற்றுள் எவ்விடம் வரை அது வந்து நின்றது என்று அறிந்தாற் பாதி வேலை முடிந்தது.

அவ்வழியைச் சிறிது காண்போம். விசைகளின் கீழே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்த, குறுக்குக் கம்பி ஒன்றும் நெடுக்குக் கம்பி ஒன்றும் ஒன்றையொன்று தொடும். பலகையினுள்ளே இருக்கும் சிறு சில்லு ஒன்று இடைவிடாது இவ்வலையைச் சுற்றிப் பார்த்து, தொட்ட இடத்திற்குரிய எண்ணைக் கேபிள் வழியே அனுப்பும். பழைய பி.எஸ்.2 வகைப் பலகையில் 'ஏ' எழுத்துள்ள விசையை அழுத்தினால், பதினாறன் அடியில் எழுதப்படும் 1சி என்னும் எண் செல்லும். விட்டவுடன் எஃப்0, 1சி என்னும் இரண்டு எண்கள் செல்லும். யு.எஸ்.பி. வகையில் அதே விசைக்கு 04 என்னும் எண், எட்டு பைட்டுகள் கொண்ட ஒரு சிறு ஓலையில் வைத்து அனுப்பப்படும். ஈண்டு ஒன்று நினைவு கூர்தற்குரியது. பலகைக்கு எழுத்துத் தெரியாது, இடந்தான் தெரியும். 'ஏ' என்று பொறித்த அவ்விசையே, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 அமைப்பை ஏற்றுக்கொண்ட பொறியில் 'அ' என்னும் எழுத்தைத் தரும். எண்ணை எழுத்தாக மாற்றுவது இயக்குமுறையின் கருவாகிய கெர்னலும், அதனிடத்துள்ள விசையட்டவணையுமே. அங்ஙனம் பிறந்த எழுத்தைப் பல வேளைகளிற் கெர்னல் தானே திரையிற் காட்டிப் பின்னர் அதனைக் காத்திருக்கும் நிரலிடம் ஒப்புவிக்கும். அவ்வேளைகளில் எழுத்தைத் திரையிற் காட்டுவது நிரலன்று, கெர்னலே என்னும் இச்செய்தியைப் பலர் அறியார். மேலே நமக்கு இது பெருந்துணையாகும்.

இவ்விரு வகைப் பலகைகளுக்கும் இயல்பில் ஒரு வேற்றுமை உண்டு. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் பி.எஸ்.2 என்னும் தம் கணிப்பொறியோடு கொணர்ந்த வட்டச் செருகியையுடைய பலகை, விசை அழுத்தப்பட்டவுடன் தானே சென்று பொறியின் கதவைத் தட்டும். 1996-இல் தோன்றிய யு.எஸ்.பி. வகையோ தானாகப் பேசாது. பொறி நொடிக்கு ஏறத்தாழ 125 முறை 'ஏதேனும் உண்டா' என்று கேட்கக் கேட்க விடை மட்டும் கூறும். ஆகவே, கேட்கும் கடமையுடைய கருவிநிரல் உறங்கிவிட்டால் யு.எஸ்.பி. பலகை எத்துணை நலமுடையதாயினும் ஊமையே. இவ்வேற்றுமையினின்று பிறக்கும் நோய்களைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. நோயல்லாதனவற்றை முதலிற் களைதல் முறை. பேசாப் பலகை என்று முறையிடப்படுவனவற்றுட் சில, பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. லினக்ஸ் கன்சோலிற் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஓர் எழுத்தும் தோன்றாது. விண்மீன் குறியும் தோன்றாது. சொல்லின் நீளத்தையும் பிறர் அறியலாகாது என்பதே கருத்து. கைப்பேசியிற் புள்ளி புள்ளியாகத் தோன்றப் பார்த்துப் பழகியவர், பலகை பழுதென்று முடிவு செய்து எழுந்துவிடுகின்றனர். இவர்க்கு மருந்து, தட்டி முடித்து எண்டர் விசையை அழுத்துவதே. கடவுச்சொல் 'தவறு' என்று திரும்பத் திரும்ப மறுக்கப்படுமாயின் விசையட்டவணையை ஐயுறல் வேண்டும். அமெரிக்க அட்டவணையில் 2 என்னும் எண்ணின்மேல் உள்ள அட் என்னும் குறி, பிரிட்டானிய அட்டவணையில் இரட்டை மேற்கோள் குறியோடு இடம் மாறிக் கிடக்கும். பயனர் பெயரைத் தட்டும் இடத்தில் அக்குறியைத் தட்டிப் பார்த்தால் திரையில் எது தோன்றுகின்றது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று சுவையுடையது. திரையில் எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் கை தவறிக் கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்திவிடுகின்றார். அக்கணமே திரை உறைந்துவிடும். எதைத் தட்டினும் அசையாது. இவ்வழக்கம் டெலிடைப் என்னும் பழைய தந்தி அச்சுக்கருவிகளின் காலத்தது. துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் உறுப்பை 'நில்' என்று நிறுத்தவும், 'செல்' என்று விடுக்கவும் இரண்டு குறிகள் வைத்திருந்தனர். அக்கருவிகள் காட்சிச்சாலை சேர்ந்த பின்னும் அக்குறிகள் நம் கன்சோல்களில் உயிரோடு உலவுகின்றன. கண்ட்ரோலோடு கியூ விசையை அழுத்த, உறைந்த திரை உருகி ஓடும். இடையில் தட்டியன எல்லாம் ஒருங்கே வந்து விழும். ஸ்க்ரோல்லாக் விசையும் லினக்ஸ் கன்சோலில் இதே தொழிலைச் செய்யும். அதனை மீண்டும் அழுத்தினாற் போதும்.

இனிக் கே.வி.எம். என்னும் மாற்றுப்பெட்டி. சர்வர் அறையில் எட்டுப் பொறிக்கு எட்டுப் பலகை வைப்பாரில்லை. ஒரே பலகையையும் ஒரே மானிட்டரையும் இப்பெட்டி வழியே வேண்டிய பொறிக்கு மாற்றிக்கொள்வர். சில பெட்டிகளில் திரையை ஒரு பொறிக்கும் பலகையை வேறொரு பொறிக்கும் தனித்தனியே மாற்றலாம். அங்ஙனம் பிரிந்து கிடக்கையில், நாம் மூன்றாம் பொறியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் பொறியின் காதிற் பேசுகின்றோம். ஏவல் ஏதேனும் தட்டியிருந்தால் அஃது அங்கே நிறைவேறியும் இருக்கும்! ஆகலின் பெட்டியின் விளக்கு எவ்வெண்ணில் எரிகின்றது என்று நோக்காமல் ஒரு விசையையும் தொடலாகாது.

இவை யாவும் இல்லையெனத் தெளிந்தபின் செய்யத்தக்க ஆராய்ச்சிகளுள் தலையாயது, நம்லாக் என்னும் விசையை ஒருமுறை அழுத்திப் பலகையின் விளக்கைப் பார்த்தலே. இஃது எளிய செயலாயினும் இதன் பொருள் ஆழமானது. அவ்விளக்கைப் பலகை தானே ஏற்றுவதாகப் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது அங்ஙனமன்று. விசை அழுத்தப்பட்ட செய்தி பலகையினின்று புறப்பட்டு, கேபிளைக் கடந்து, பொறியின் செருகுவாயைக் கடந்து, கெர்னலை அடைந்து, கெர்னல் அதனை ஆராய்ந்து, 'விளக்கை ஏற்றுக' என்று விடைக்கட்டளை எழுதி, அக்கட்டளை வந்த வழியே திரும்பி வந்தபின்னரே விளக்கு எரியும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தூதுவன் அரண்மனைக்குச் சென்று மீண்டான் என்பதற்கு அவ்விளக்கே சான்று. விளக்கு மாறி மாறி எரிந்து அணையுமாயின், பலகை நலம், கேபிள் நலம், கெர்னலும் உயிரோடிருக்கின்றது, குற்றம் அதற்கு மேலே உள்ளது. விளக்கு அசையாதாயின் குற்றம் கெர்னலிலோ அதற்குக் கீழேயோ உள்ளது. வழியின் நடுவே இங்ஙனம் ஒரு கோடு கிழித்துக்கொள்வதால், ஆராய வேண்டிய பரப்புப் பாதியாகக் குறைகின்றது. கேப்ஸ்லாக் விளக்கை விடுத்து நம்லாக் விளக்கைக் கூறியதற்குக் காரணம் உண்டு. சில லினக்ஸ் வெளியீடுகளின் கன்சோல் அட்டவணையில் கேப்ஸ்லாக் வேறொரு விசையாகத் திரித்து வைக்கப்பட்டமையால், பெரிய எழுத்து வந்தும் விளக்கு எரியாதிருந்தது. அச்சான்றை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். மாற்றுப்பெட்டி இடையே இருப்பின் இச்சான்றையும் சிறிது ஐயுறல் தகும். பொறி இறந்தபின்னும் பெட்டியே தன் பொறுப்பில் விளக்கை ஏற்றிக் காட்டுதல் சில பெட்டிகளின் இயல்பு. பலகையைப் பொறியின் பின்புறத்தில் நேராகச் செருகிப் பார்த்தால் அவ்வையம் ஒழியும்.

விளக்கு அசையவில்லை எனக் கொள்வோம். செருகியைக் கழற்றி வேறொரு வாயிற் செருகுதல், நலமுடையதென முன்பே தெரிந்த வேறொரு பலகையைச் செருகுதல், மாற்றுப்பெட்டியின் மின்னை நிறுத்தி ஏற்றுதல் என்பன யாவரும் அறிந்தன, விரித்துரைக்க வேண்டா. ஓர் எச்சரிக்கை மட்டும் கூறுவோம். வட்டச் செருகியுடைய பி.எஸ்.2 பலகையைப் பொறி ஓடுகையில் கழற்றி மாட்டுதல் அவ்வமைப்பை வகுத்தோர் கருத்திற்கு இசைந்ததன்று. பொறி விழித்தெழும்போது வாயில் இல்லாத பலகையை அது பின்னர் மதியாமற் போதலும் உண்டு. மின்தாக்கத்தாற் செருகுவாய் பழுதாதலும் உண்டு. யு.எஸ்.பி. செருகிக்கு இத்தடை இல்லை. அதனை எத்தனை முறையும் கழற்றி மாட்டலாம். மாட்டியவுடன், கெர்னல் உயிரோடிருந்தால், 'புதிய பலகை வந்தது' என்னும் செய்தி பல பொறிகளின் கன்சோலில் தானே தோன்றும். அங்ஙனம் தோன்றுவதும் ஒரு சான்று.

இனி, அறிவுடையோரையும் மயங்கவைக்கும் ஒரு நோயைக் கூறுவோம். பொறியை ஏற்றியவுடன் தோன்றும் பயாஸ் திரையில் விசைப்பலகை நன்கு பேசும். அடுத்து, எந்த இயக்குமுறையை ஏற்றுவது என்று வினவும் கிரப் என்னும் பட்டியலிலும் மேலும் கீழும் நன்கு நகரும். அதன் பின்னர், மறையாக்கம் செய்த வட்டைத் திறத்தற்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்திற் பலகை திடீரென ஊமையாகிவிடும். பத்து நொடிக்கு முன் பேசிய பலகை இப்பொழுது பேசாதிருப்பதேன்? புதுப் பலகை வாங்கிவந்து மாட்டினாலும் அதுவே நிகழும்.

காரணம் வருமாறு. பயாஸ் திரையிலும் கிரப் பட்டியலிலும் பலகையோடு பேசியது பொறியின் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள மென்பொருள். அது யு.எஸ்.பி. பலகையைத் தானே கவனித்துக்கொள்ளும். பழைய இயக்குமுறைகளின் பொருட்டு, அப்பலகை பி.எஸ்.2 பலகையே எனப் பாவனை செய்து காட்டுவதும் உண்டு. கெர்னல் எழுந்தவுடன் அவ்வாட்சி கெர்னலின் கைக்கு மாறுகின்றது. ஆனால் கெர்னலிடம் யு.எஸ்.பி. பலகைக்குரிய கருவிநிரல் இன்னும் இல்லை. அந்நிரல் எங்கே? பூட்டிய வட்டினுள்ளே இருக்கின்றது! வட்டைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டப் பலகை வேண்டும். பலகைக்கு வேண்டிய நிரல் வட்டினுள் உள்ளது. திறவுகோலை வீட்டினுள் வைத்துக் கதவைச் சாத்திய கதையே இது. இவ்விடர் நேராதிருத்தற்கே, இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு மூட்டையில் இன்றியமையாத நிரல்களைக் கட்டிக் கெர்னலோடு உடன் அனுப்பும் வழக்கம் உள்ளது. அம்மூட்டையை ஒரு பொறியிற் கட்டிய காலத்தில் அங்கே என்னென்ன கருவிகள் இருந்தனவோ அவற்றுக்குரிய நிரல்களை மட்டும் கட்டும்படி அமைத்திருந்து, பின்னர் வட்டைக் கழற்றிப் புதிய பொறியில் மாட்டினால், புதிய பொறியின் யு.எஸ்.பி. வாய்க்குரிய நிரல் மூட்டையில் இராது. இதற்குத் தீர்வு பலகையை மாற்றுவதன்று. கிரப் பட்டியலில் பலகை பேசுகின்றது ஆதலின், அங்கேயே பழைய கெர்னலைத் தேர்ந்து ஏற்றிப் பார்க்கலாம். அதனுடைய மூட்டையில் வேண்டிய நிரல் இருத்தல் கூடும். வட்டச் செருகுவாய் உள்ள பொறியாயின் பழைய பி.எஸ்.2 பலகை ஒன்றை அணைந்த நிலையில் மாட்டிப் பார்க்கலாம். அதற்குரிய நிரலைக் கெர்னலுடனேயே பிணைத்து வைத்தல் பல வெளியீடுகளின் வழக்கம். பழம்பலகை என்று ஒன்றைக் குப்பையில் எறியுமுன் இதனை நினைத்தல் நன்று. எவ்வழியாலேனும் உட்புகுந்தபின் மூட்டையைப் புதிதாகக் கட்டிவிட்டால் நோய் தீரும்.

விளக்கு எரிந்து அணைகின்றது, ஆயினும் பொறி மறுமொழி கூறவில்லை எனின், கெர்னலுக்கு மேலே ஆராய்தல் வேண்டும். சில எழுத்துக்களைத் தட்டிப் பார்க்க. அவை திரையில் தோன்றியும், எண்டர் அழுத்திய பின் ஒன்றும் நிகழவில்லையாயின், காட்டுவது கெர்னல், கேட்க வேண்டிய நிரலே கேளாதிருக்கின்றது என்று அறியலாம். ஆல்ட் விசையோடு எஃப்2 விசையை அழுத்தினால் இரண்டாம் கன்சோல் வரும். வரைகலைத் திரையாயின் கண்ட்ரோலையும் சேர்த்தழுத்த வேண்டும். அங்கே பெயர் கேட்கும் வரி தோன்றுமாயின் முதற் கன்சோலின் நிரல் மட்டும் நின்றுவிட்டது என்பது துணிவு. பெயரைத் தட்டியபின் கடவுச்சொல் கேட்கும் வரி வர ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் ஆகுமாயின், நினைவகம் நிரம்பிப் பொறி வட்டோடு போராடுகின்றது. அல்லது வட்டே நோயுற்றிருக்கின்றது. இவ்விடத்துப் பொறுமையே மருந்து. சினந்து விசைகளை அடுக்கடுக்காகத் தட்டினால் அவையனைத்தும் வரிசையில் நின்று, பொறி தெளிந்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும். அவற்றுள் என்ன இருக்கும் என்பதைத் தட்டியவரே அறியார்.

கேப்ஸ்லாக் விளக்கும் ஸ்க்ரோல்லாக் விளக்கும் நாம் தொடாமலே ஒருங்கு மின்னி மின்னி அணையுமாயின் அது வேறு. கெர்னல் தான் மீளமுடியாத பிழையில் வீழ்ந்ததை அறிவிக்கும் சாவுமணி அது, பி.எஸ்.2 பலகைகளிலேயே பெரும்பாலும் காணப்படும். அப்பொழுது திரையில் நிற்கும் வரிகளைப் படம் எடுத்துக்கொள்க. பின்னர் நோயறிதற்கு வேறு சான்று கிடையாமற் போகலாம்.

பலகை ஒன்றே வாயில் அன்று. வலை உயிரோடிருப்பின் வேறொரு பொறியினின்று எஸ்.எஸ்.எச். வழியாக உட்புகுந்து, உள்ளிருந்தே பலகையை ஆராயலாம். கெர்னல் எழுதிவைத்த நாட்குறிப்பின் கடைசி வரிகளில், யு.எஸ்.பி. வாய் அறுந்ததா, பலகை கழன்றதா என்பது நேரத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். குறுக்கீடுகளின் எண்ணிக்கையைக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 1 என்னும் எண்ணுக்குரிய வரி பி.எஸ்.2 பலகைக்கு உரியது. அருகில் ஒருவரை நிறுத்தி ஒரு விசையைத் தட்டச் செய்து, அவ்வெண்ணிக்கை ஏறுகின்றதா என்று பார்த்தால், கதவு தட்டப்பட்டதா இல்லையா என்பது ஐயமின்றித் தெரியும்.

வலையும் இல்லையெனின், சர்வர்களிற் பெரும்பாலனவற்றில் தனிச் சிறு கணிப்பொறி ஒன்று உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். தலைமைப்பொறி அணைந்திருப்பினும் இது விழித்திருக்கும். டெல் நிறுவனத்தார் இதனை ஐடிராக் என்றும், எச்.பி.இ. நிறுவனத்தார் ஐலோ என்றும் அழைப்பர். இதன் தனி வலைவாய் வழியே தொலைவிலிருந்து திரையைக் காணலாம், விசைகளையும் தட்டலாம். ஆயினும் ஈண்டு ஒரு நுட்பம். இது காட்டும் பாவனைப் பலகையும் யு.எஸ்.பி. பலகையாகவே தலைமைப்பொறிக்குத் தோன்றுகின்றது. ஆகலின், நோய் யு.எஸ்.பி. நிரலில் இருக்குமாயின் இதுவும் உடன் ஊமையாகும். அத்தகைய வேளையிற் கைகொடுப்பது சீரியல் கன்சோல் எனப்படும் பழைய கம்பிவழியே. அதற்கு விசைப்பலகை நிரலும் வேண்டா, திரை நிரலும் வேண்டா. அதனை முன்னரே அமைத்து வைத்தவர்க்கே அது பயன்படும் என்பதே அதன் குறை.

எல்லா வாயிலும் அடைபட்டு, பொறியை மீள ஏற்றுவதன்றி வேறு வழியில்லை என்று துணிந்தபின்னும், மின்னை அறுத்தல் கடைசிச் செயலேயாகும். 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.ஏ.டி. கணிப்பொறியின் பலகையிற் சிஸ்ரெக் என்னும் விசை ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் பயனற்றுக் கிடந்த அவ்விசையை லினக்ஸ் வகுத்தோர் கெர்னலோடு நேரே பேசும் இரகசியக் கதவாக்கினர். ஆல்ட் விசையையும் இதனையும் அழுத்திக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி என்னும் விசைகளைச் சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துதல் மரபு. ஆர் என்பது வரைகலை நிரலின் பிடியிலிருந்து பலகையை மீட்கும். சில வேளை இதனோடே நோய் தீர்ந்து, மேலே செல்ல வேண்டாமற் போம். ஈ என்பது நிரல்களை முடிந்துகொள்ளுமாறு வேண்டும். ஐ என்பது வேண்டாது முடிக்கும். எஸ் என்பது நினைவகத்திற் கிடப்பதை வட்டில் எழுதும். யு என்பது வட்டைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்கிப் பூட்டும். பி என்பது பொறியை மீள ஏற்றும். இவற்றுள் நம் மதிப்பெண்களைக் காப்பது எஸ் ஒன்றே. உபுண்டு வெளியீட்டில் எஸ், யு, பி என்னும் மூன்றும் இசைவளிக்கப்பட்டு, ஆர், ஈ, ஐ என்பன இயல்பில் தடுக்கப்பட்டிருக்கும். தம் பொறியில் எவை இசைவு பெற்றன என்பதை நலமான நாளிலேயே பார்த்து வைத்தல் வேண்டும்.

பலகை முற்றும் இறந்து இதுவும் இயலாதெனின் மின்பொத்தானுக்கு வருவோம். அதற்கும் இரண்டு பொருள் உண்டு. மெல்ல ஒருமுறை அழுத்தி விட்டால் அது மின்னை அறுப்பதில்லை. 'முறைப்படி அடங்குக' என்னும் வேண்டுகோளைக் கெர்னலுக்கு அனுப்புகின்றது. கேட்க உயிருள்ள கெர்னலாயின் நிரல்களை மூடி, வட்டை எழுதி, தானே அணையும். இதற்குச் சில நிமிடங்கள் ஆதலும் உண்டு. வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். பொத்தானை நான்கு நொடிக்கு மேல் விடாது அழுத்தினால் மட்டுமே மின் அறுபடும். மீள ஏற்றியபின் முதல் வேலை, முன்னைய ஓட்டத்தின் நாட்குறிப்பை எடுத்து, அதன் இறுதி வரிகளைப் படித்தல். அந்நாட்குறிப்பு வட்டில் எழுதப்படும்படி அமைந்திராத பொறிகளில் அஃது ஒவ்வொரு முறையும் நினைவகத்தோடே அழிந்துபோகும். அத்தகைய பொறியில், வார் என்னும் கோப்பகத்தின் கீழுள்ள லாக் என்பதில் ஜர்னல் என்னும் பெயரால் ஒரு கோப்பகம் அமைத்துவிட்டால், அடுத்த ஏற்றம் முதல் குறிப்புக்கள் அங்கே தங்கும்.